மவுசாக்கலையில் தண்ணீர் வற்றிய மாதம்

நாவலப்பிட்டி தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் தம்பி வாய் திறந்தார். அவர் மடியில் ஓர் அறிக்கை கிடந்தது. போன மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தது. கடைசிப் பக்கத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். ‘தொல்பொருள் பெறுமதி வாய்ந்த எச்சங்கள் எவையும் அவதானிக்கப்படவில்லை.’

“இருவது கிடங்கு வெட்டினம் அக்கா. பதினாறு நாள். கடைசியில இந்த ஒரு வரி. உங்களுக்கு அலுக்கேல்லையோ?”

அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தொல்லியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வங்கி ஒன்றில் நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டதென்று கோட்டை ரயில் நிலையத்திலேயே சொல்லியிருந்தார். எனக்கு இந்த வேலையில் இருபத்திரண்டு வருடம். அந்த வரியை எத்தனை அறிக்கைகளில் எழுதினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் அதை எழுதிய நிலம் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. எந்த மூலையில் மண் கறுத்திருந்தது, எந்தக் குழியில் மூன்றடிக்குக் கீழே தண்ணீர் ஊறியது என்பதெல்லாம் இன்றைக்கும் சொல்வேன்.

அவர் கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இல்லை. பத்திரிகையில் மஸ்கெலியா படம் வந்திருந்தது. மழை பொய்த்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, பழைய நகரம் மேலே தெரிகிறதாம். “வாங்க தம்பி, அதைப் பாத்துட்டு வந்து பேசுவோம்” என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

தொல்லியல் என்றதும் நம் வாசகர்களுக்குக் கீழடி நினைவுக்கு வரும், ஆதிச்சநல்லூர் வரும், இலங்கையில் என்றால் அநுராதபுரமும் ஆனைக்கோட்டை முத்திரையும் வரும். இடத்தைத் தேர்ந்தெடுத்து, கேள்வியோடு போய், வருடக்கணக்கில் தோண்டுகிற வேலை அது. நாங்கள் செய்வது வேறு. ஒரு வீதியை அகலப்படுத்துகிறார்கள், மின்கம்பிக் கோபுரம் நடுகிறார்கள், ஹோட்டல் கட்டுகிறார்கள். பெக்கோ இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நாங்கள் நடக்க வேண்டும். இடத்தைத் திட்டம் தீர்மானிக்கும், நாளை ஒப்பந்தம் தீர்மானிக்கும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை 1998இல் திருத்தினார்கள். அதைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வந்த நடைமுறைக் கட்டளைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் அபிவிருத்தி வேலை என்றால், தொல்பொருளியல் தாக்க மதிப்பீடு செய்யாமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. செலவு திட்டத்தை நடத்துபவருடையது. இங்கிலாந்தில் 1990இலேயே இந்த வழக்கம் திட்டமிடல் விதிகளுக்குள் வந்துவிட்டது. இன்று அங்கே தொல்லியலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கூலி கொடுப்பது கட்டுமானத் தொழில்தான்.

வேலை எப்படி நடக்கும் என்றால், நாலைந்து பேர் பத்து மீற்றர் இடைவெளி விட்டு வரிசையாக நடப்போம். கண் தரையில் இருக்கும். ஓட்டுத் துண்டு, செங்கல், மண் நிற மாற்றம், செடி வளர்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் குறிப்போம். பிறகு ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சோதனைக் குழிகள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வீதி போடுபவர் எங்களைத் தாமதம் என்கிறார். ஊர்க்காரர் எங்களை அரசாங்கம் என்கிறார். ஒரு தடவை, பெயர் வேண்டாம், வேலை முடிந்து எட்டு மாதம் கழித்துத்தான் காசு கைக்கு வந்தது. அந்த எட்டு மாதமும் வீட்டு வாடகைக்குக் கணவரின் சம்பளம்தான் ஓடியது. இந்த வேலையை விட்டுப் போன நல்ல நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வட்டவளை, ரொசல்ல, பிறகு ஹட்டன். 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த ரயில், இந்த மலையைக் குடைந்து ஹட்டனுக்கு வந்து சேர 1884 ஆகிவிட்டது. பத்து வருடம். நான் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இங்கிருந்து மூன்று கட்டை தூரத்தில் இருந்தது. அப்பா ஸ்டோரில் வேலை. மலையகத்துக்காரர்கள் ஸ்டோர் என்றால் அது கடையல்ல, தேயிலைத் தொழிற்சாலை. நிலையத்துக்கு வெளியே சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் தலையில் கம்பளித் தொப்பியும் கையில் தடியுமாக நின்றது. நல்லதண்ணி பஸ்ஸில் எங்களுக்கும் நிற்க இடம் கிடைத்தது.

டிக்கோயாவில் இறங்கி வார்லி தேவாலயத்துக்கு நடந்தோம். 1878இல் தோட்டத்துரைமார் கட்டிய சிறிய கற்கோயில்; கீழே காசல்ரி நீர்த்தேக்கம் பச்சையாகக் கிடக்கிறது. கோயிலைச் சுற்றிக் கல்லறைகள். காய்ச்சலில் போனவர், பிறந்த மாதமே போன குழந்தை, ஒவ்வொருவருக்கும் பெயரும் நாளும் கல்லில் உண்டு. ஜே. பி. லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி இலங்கை முழுவதும் இப்படிப்பட்ட ஐரோப்பியர் கல்லறை எழுத்துகளைத் தேடித் திரட்டி 1913இல் ஒரு தடித்த புத்தகமாகவே கொண்டுவந்தார். அருமையான வேலை. நான் அதை வேலைக்காக எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் அப்பாயியைப் புதைத்த இடம் நினைவுக்கு வரும். தோட்டத்து இடுகாட்டில் ஒரு மண்மேடு. தலைமாட்டில் நட்டது ஒரு செடி. இருபது வருடத்தில் மேடு அமுங்கிவிட்டது. அந்தச் செடி எது என்று இப்போது அடையாளம் காட்ட அப்பாவும் இல்லை.

தம்பி கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோயில் பாதையோரம் மழைநீர்க் கானின் வெட்டு முகத்தில் வெள்ளையாக ஒன்று தெரிய, நான் குனிந்தேன்.

வெங்கச்சங்கல். மலையில் எங்கும் கிடக்கிற கல்தான். கட்டைவிரல் நகமளவு. ஆனால் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. மறுபக்கம் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தது. தானாக உடைந்த வெங்கச்சங்கல் கண்டபடி நொறுங்கும். கையால் அடித்துப் பெயர்த்த சில்லில்தான் அடி விழுந்த இடத்துக்குக் கீழே இப்படி ஒரு புடைப்பு வரும். அதுவும் இந்தக் கல்லில் சுலபத்தில் தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இது மனிதர் செய்ததா என்று ஒரே ஒரு சில்லை வைத்து நான் சொல்ல மாட்டேன். இடத்தைக் குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டோம்.

ஆனால் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் கற்காலக் கருவிகளை முதன்முதலில் இனங்கண்ட இரண்டொருவரில் ஒருவர் இந்த மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துரை. ஜோன் போல் என்று பெயர். 1880களிலிருந்தே இந்த மலைகளில் வெங்கச்சங்கல்லும் தீக்கல்லும் பொறுக்கிச் சேர்த்தார். 1907இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சரசின் என்ற உறவினர் இருவர் இலங்கைக் கற்காலம் பற்றிய நூலை வெளியிட்டது 1908இல். அவர்களுக்கு முன்பே, பிழைப்புக்குத் தேயிலை, மனதுக்குக் கல் என்று ஒருவர் இந்தச் சரிவுகளில் அலைந்திருக்கிறார். அவர் தொல்லியல் படித்தவரல்ல. யாரும் அவருக்கு அதற்காகச் சம்பளம் கொடுக்கவில்லை.

எனக்கு அவரை நினைக்கும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். காட்டை அழித்துக் கான் வெட்டி மலையின் உள்மண்ணை வெளியே கொண்டுவந்தது யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். மண் கிளறும் முள்ளும் மண்வெட்டியும் பிடித்த அந்தக் கைகளில் இந்தச் சில்லுகள் எத்தனை பட்டிருக்கும்! சேலம் பக்கத்திலும் திருச்சிப் பக்கத்திலும் வெங்கச்சங்கல்லைத் தட்டித் தீப்பொறி பார்த்து விளையாடிய பிள்ளைகள்தானே வளர்ந்து இங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு சில்லைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பார். நிச்சயமாகப் பார்த்திருப்பார்.

மஸ்கெலியாவுக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. புதிய நகரத்திலிருந்து கீழே இறங்கினால் நீர்த்தேக்கத்தின் கரை. கரை என்று சொல்ல முடியாது. வெடித்த சேற்றுப் பாளங்கள் ஒரு பெரிய தாம்பாளம் போல் விரிந்து, நடுவில் மட்டும் தண்ணீர். 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா முழுதாக உள்ளே போயிற்று. அதற்கு நாலு வருடம் முந்தியது காசல்ரி. இந்த நாட்டுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. அதில் எனக்கு வழக்கில்லை. வறண்ட வருடங்களில் மட்டும் ஊர் கொஞ்ச நாளைக்கு வெளியே வரும். சண்முகநாதர் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நின்ற இடங்கள் தெரியும். அன்றைக்கும் கோயில் சுவருக்கு முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரக் கல்லில் கரி வட்டம் புதிதாக இருந்தது.

மேட்டூர் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். 1934இல் ஸ்டான்லி அணை நிரம்பியதிலிருந்து, காவிரி வற்றும்போதெல்லாம் பண்ணவாடியில் நந்தி தலை காட்டுகிறதே, அதே காட்சி. அந்த நந்தியைப் பார்க்கப் போகிற கூட்டத்தின் முகமும் இங்கே நின்றவர்களின் முகமும் ஒன்றுதான்.

எழுபதை நெருங்கும் ஐயா ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார். “தண்ணி ஏறுனப்ப எனக்கு எட்டு வயசு, புள்ள. இதுதான் கடவீதி. அந்தா அது எங்க சித்தப்பா வேல பாத்த சாப்பாட்டுக் கட.” எனக்குச் சட்டென்று வேலை புத்தி வந்துவிட்டது. “ஐயா, கடையிலேருந்து கோயிலுக்கு நீங்க நடந்தது எப்படியோ அப்படியே நடந்து காட்டுவீங்களா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நடுவில் ஓர் இடத்தில் இடது பக்கம் விலகி வளைந்து போனார். கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை, வெறும் சேறு. “ஏன் ஐயா சுத்திப் போறீங்க?” “பீலிக் கான் இருந்துச்சே.” தம்பி அந்த இடத்தில் குந்தி, காய்ந்த பாளத்தின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். மண் நிறம் அங்கே ஒரு கோடாக மாறியிருந்தது. அகலம் இரண்டடி இருக்கும். கானேதான்.

ஐம்பது வருடத்துக்கு மேலாக நீருக்கடியில் கிடந்த ஒரு சாக்கடையை ஒரு மனிதரின் கால் மறக்கவில்லை. அதைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

தோண்டுவதற்கு எங்களிடம் அனுமதியில்லை, தோண்டவும் வரவில்லை. மேலே தெரிந்ததை மட்டும் குறித்தோம். நடுவில் தேய்ந்த வாசற்படிக் கல். மங்களூர் ஓட்டுத் துண்டுகள். பாதி அம்மி. சோடாப் போத்தலின் கழுத்து ஒன்று, உள்ளே அந்தக் கண்ணாடிக் குண்டு இன்னும் சுழன்றது. பேரன் அதைக் கேட்டு அழுதான். தம்பி அவனுக்குக் குண்டை உருட்டிக் காட்டிவிட்டு, படம் எடுத்து, போத்தல் கிடந்த பள்ளத்திலேயே திரும்ப வைத்தார்.

மூழ்கும் முன்பே தோண்டிக் குறித்த இடமும் உண்டு. நாகார்ச்சுனசாகர் அணைக்காகக் கிருஷ்ணைப் பள்ளத்தாக்கு மூழ்கப் போகிறது என்றதும், 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டாவில் இந்தியத் தொல்லியல் துறை பெரிய அகழாய்வு நடத்திற்று. கட்டடங்களைப் பெயர்த்துக் குன்றின் மேலேயும் கரையிலேயும் திரும்பக் கட்டினார்கள். அங்கே மூழ்க இருந்தது இக்குவாகு மன்னரின் தலைநகரம். மஸ்கெலியாவில் மூழ்கியது ஒரு கடைவீதி. அதுவும் எந்தக் காலத்தில்? 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கி இருபது வருடம். 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைப்படி யார் போவது, யார் இருப்பது என்று குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்த நேரம். இந்தக் கடைவீதியில் நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். இந்த நகரத்தின் வரைபடத்தில் பாதி நீலகிரியில் யாரோ ஒரு முதியவரின் காலில் இருக்கக்கூடும்.

இரவு ஹட்டனில் தங்கினோம். காலையில் ரயிலில் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து கொட்டகலை, அதற்கப்பால் தலவாக்கலை. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை இங்கேதான், நகரத்தின் காலடியில். இந்தத் திட்டத்தை மலையகக் கட்சிகளும் சுற்றாடல்காரர்களும் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். சென்கிளேயர் அருவி செத்துவிடும் என்றார்கள். பகலில் ஓரளவு தண்ணீர் விட வேண்டும் என்ற உடன்பாட்டோடு அருவி இன்று மெலிந்து விழுகிறது. கீழே கொத்மலையில் 1985இல் திறந்த பெரிய அணைக்குள் பல கிராமங்களும் விகாரைகளும் போயின. கடதொர விகாரையின் இடிபாடு இன்றும் நீர் வற்றும்போது தலை நீட்டும். சிங்களக் கிராமத்தவருக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு துக்கம் இந்தத் தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது ஒருவர் இரண்டு மொழியிலும் எழுத வேண்டும்.

அருவியைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கும்போது தம்பி மறுபடி அறிக்கையை எடுத்தார். இந்தத் தடவை கேள்வி வேறு. “நேற்றுப் பாத்ததெல்லாம் எங்கட அறிக்கையில வந்தால் எந்தத் தலைப்புக்குக் கீழ போடுறது அக்கா?”

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். எங்கள் சட்டத்தில் தொல்பொருள் என்பதற்கு ஒரு தேதி உண்டு: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கைமாறிய ஒப்பந்த நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். பிந்தியதைத் தனியாக வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு. ஆனால் யாராவது கேட்க வேண்டும், யாராவது எழுத வேண்டும். மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, எங்கள் முன்னோர் வந்த வழியில் நடந்தார்கள். 1823 என்றால் சட்டத்தின் கோட்டுக்கு எட்டு வருடம் இந்தப் பக்கம். நாங்கள் கட்டிய லயம், வெட்டிய கான், நட்ட கல், புதைத்த குழி எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுகின்றன. ஒரு தமிழ்க் கையின் அடையாளமும் இல்லாத நிலம் என்று நான் இந்த மலையில் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் சட்டப்படி சரி. மனசாட்சிப்படி பொய்.

சில வருடங்களுக்கு முன் இதே மாவட்டத்தில் ஒரு வீதி வேலை. பழைய இரட்டை லயம் ஒன்று இடிபட இருந்தது. பக்கத்து மரத்தடியில் மாடசாமி கல்லும் சூலமும். சட்டப்படி ஒன்றுமில்லை என்று எழுதினேன். பிறகு மூன்று இரவு உட்கார்ந்து, யாரும் கேட்காத எட்டுப் பக்கப் பின்னிணைப்பு ஒன்று சேர்த்தேன். லயத்தின் அளவுகள், வரைபடம், எந்தக் காம்பராவில், அதாவது அறையில், யார் இருந்தார்கள், மாடசாமிக்கு எப்போது பொங்கல் வைப்பார்கள், எல்லாம். அச்சான அறிக்கையில் அந்த எட்டுப் பக்கமும் இல்லை. பக்கம் கூடிவிட்டது என்றார்கள். அழுதேன். ஆனால் பிரதி ஒன்றைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தேன். அடுத்த வருடம் போனபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சதுரத் தாளில் தங்கள் தங்கள் லயத்தை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளை நாய் படுக்கும் இடத்தைக்கூட அளந்து போட்டிருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற அரைமணி நேரம் இன்னும் எனக்குச் செலவாகித் தீரவில்லை.

கம்பளைக்குப் போகும் வழியில், பழைய பீகொக் தோட்டத்தில், 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. அரசாங்கம் அல்ல, மக்கள் அமைப்பு ஒன்று செய்த வேலை. போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போங்கள்.

நாங்கள் அன்று போனது தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயம் ஒன்றை இடித்துத் தனி வீடு கட்டப் போகிறார்கள். கட்டட்டும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தது போதும். இடிவதற்கு முன் அளந்துவிடலாம் என்று தோட்டத்தில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம் தாண்டி லயத்தின் வாசலுக்குப் போனதும், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்.

“தொல்பொருளா? எங்க கோயில எடுக்கவா வந்தீங்க?”

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அந்தச் செய்தி இந்த மலை உச்சி வரை வந்திருக்கிறது. தொல்பொருள் என்ற சொல்லே நம் மக்களுக்கு ஒரு வேலி போடும் சத்தமாகக் கேட்கிறது. என் வேலையில் மிகக் கனமான பகுதி எது என்று கேட்டால், வெயிலில் குழி வெட்டுவதல்ல, இந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்பது என்பேன். “இல்லம்மா, நானும் ஹட்டன் பக்கம் லயத்துப் புள்ளதான். எங்கப்பா ஸ்டோர்ல இருந்தாரு” என்றேன். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, அப்பாவின் ஊர் எது என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வழிவிட்டார். முசிறிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் மாமியார் வழியும் அந்தப் பக்கம்தானாம்.

காம்பராவுக்குள் இருட்டு. அடுப்புப் பக்கச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் கரி, மறுபடி வெள்ளை, மறுபடி கரி. தைப்பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பூச்சு ஒவ்வொன்றும் ஒரு படை. நான் பதினொன்று எண்ணினேன். தம்பி பதின்மூன்று என்றார். மேலே ஹோர்டன் சமவெளியில் சதுப்புச் சேற்றைக் குழாயால் எடுத்து, அதில் கிடந்த மகரந்தத்தை எண்ணி, இருபதாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட மழையையும் புல்லையும் ரத்னசிறி பிரேமதிலக்க வாசித்திருக்கிறார். அங்கே மிகப் பழங்காலத்திலேயே பார்லியும் ஓட்ஸும் விளைந்தனவா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. அந்தச் சேற்றையும் இந்தச் சுவரையும் வாசிக்கிற கண் ஒன்றுதான் என்று தம்பியிடம் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. நாடாவின் நுனியைப் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மாவே வாங்கிக்கொண்டார். சுவரோடு சுவராக நாடாவை அழுத்திப் பிடித்தார். தம்பி எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். குறுக்குச் சுவருக்கு வந்தபோது அவர் கையை விட்டார்.

“அத அளக்காதீங்க தம்பி. அது எங்க மாமியா காலத்துல வச்ச செவரு. மூத்த கொழுந்தனுக்குக் கல்யாணமானப்ப மண்ணக் கொழச்சு வச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே காம்பரா.”

தம்பி டோர்ச்சை மூலைக்குத் திருப்பினார். பழைய கற்சுவரும் மண்சுவரும் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு மேலிருந்து கீழ் வரை ஓடிற்று. வெள்ளையின் அடியிலிருந்த படைகள் அந்த வெடிப்புக்குள் நுழைந்து மறுபக்கம் தொடர்ந்தன. மேற்படைகள் வெடிப்போடு நின்றுவிட்டன. அவர் மண்டியிட்டு, நகத்தால் தூசியை மட்டும் விலக்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

“அதுக்கும் முன்னம், அம்மா? அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் கையை நீட்டிக் காட்டினார்.